முதலிடம் எந்தப் பாட்டுக்கு?

மா, பலா, வாழை என்று முக்கனிகளை ஒரு வரிசையிலே சொல்வது நம் வழக்கம். மாவை முதலில் வைத்தவர் யார்? வாழையைக் கடைசியிலே நிறுத்தியவர் யார்? எவரும் கேட்பதில்லை. வாக்கெடுப்பு நடந்ததாகச் செய்தியும் இல்லை. பலாச்சுளையிலே பிரியமுள்ளவர் இந்த வரிசையைக் கேட்டு மனம் நோவதும் இல்லை. கறுத்தக்கொழும்பான் ஒருவருக்கு அமுதம். கதலி இன்னொருவருக்கு அமுதம். அவரவர் நாவுக்கு அவரவர் தீர்ப்பு என்று விட்டுவிடுகிறோம்.

பாட்டின் நிலை வேறு. பாட்டுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டஞ் சூட்டும் வழக்கம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றி நிற்கின்றது. 1952 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி, இலண்டனிலிருந்து வெளிவந்த 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் இசைப் பத்திரிகை, அதிகமாக விலைப்பட்ட இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிட்டது. பிரித்தானியாவிலே அத்தகைய பட்டியல் அதுவே முதலாவது. அதற்குப் பெரிய இயந்திரமொன்றும் வேண்டியிருக்கவில்லை. பத்திரிகையைச் சேர்ந்த ஒருவர் ஏறத்தாழ இருபது கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தட்டு நன்றாக விற்கின்றது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். அவ்வளவே.

மூன்று வாரம் கழியுமுன், டிசெம்பர் 3 ஆந் திகதி, நமது இலங்கை வானொலியிலே 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பம்பாயிலே பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலித்த அந்த நிகழ்ச்சி, இந்தித் திரைப்படப் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்திப் புகழ்பெற்றது. அதை நடத்திய அமீன் சயானி 2024 பெப்ரவரியில் மறைந்தபோது, அவர் குரலுக்காகப் புதன்கிழமை இரவுகளிலே காத்திருந்த முதியவர் பலர் தம் இளமையை நினைந்திருப்பர். அந்த வரிசைக்குக் கடைகளின் விற்பனைக் கணக்கு மட்டும் ஆதாரமாக இருக்கவில்லை. நேயர் மன்றங்களின் கருத்தும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. மனங்கொடுத்து நேசிப்பவர் எத்தனை பேர் என்பது வேறொரு கணக்கு. முன்னதைக் கடைக்காரர் சொல்லிவிடலாம். பின்னதை இரசிகரே வாய்திறந்து சொல்லவேண்டும். ஆகவே இரசிகர் வாக்கு என்ற ஒன்று பிறந்தது. மேற்சொன்ன இலண்டன் பத்திரிகை தன் வாசகரிடம் வாக்குப் பெற்று, வென்றவர்களை அழைத்து ஆண்டுதோறும் வெம்பிளியிலே கச்சேரி நடத்தியது. பீற்றில்ஸ் எனப்பட்ட நான்கு இளைஞர் 1963 முதல் 1966 வரை நான்காண்டும் அம்மேடையிலே பாடினர்.

பீற்றில்ஸ் பாடிய காலத்திலே தம் பிள்ளைகளுக்கு மதி கெட்டுவிட்டதென்று இங்கிலாந்துப் பெற்றோர் கவலைப்பட்டனர். இன்று அந்தக் கவலை நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கின்றது. வந்த திசை மட்டும் வேறு. தென்கொரியாவிலே 2013 யூன் 13 ஆந் திகதி அரங்கேறிய பி.ரி.எஸ். என்னும் எழுவர் குழு, மொழி தெரியாத நாடுகளிலெல்லாம் இளையோர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. அக்குழுவின் இரசிகர் தம்மைச் 'சேனை' என்று பொருள்படும் 'ஆர்மி' என்னும் பெயராலே அழைத்துக்கொள்கின்றனர். பெயருக்கேற்ற படைதான். 2017 இல் அமெரிக்காவின் பில்போட் இசை விருது விழாவிலே, சமூக ஊடகத்திற் சிறந்த கலைஞர் யாரென்று இரசிகர் வாக்குக் கோரப்பட்டது. அதற்கு முந்திய ஆறாண்டும் அவ்விருதைப் பெற்றவர் ஜஸ்ரின் பீபர். அவரை வீழ்த்தி விருதைக் கொரியாவுக்குக் கொண்டு சென்றது இந்தப் படையே.

நான் கல்லூரியொன்றிலே உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன். இசையிலே எனக்குள்ள ஞானம் கோயில் வீதியிலே நாதசுரம் கேட்பவனுடைய ஞானம். அப்படியிருந்தும், சென்ற தவணை முடிவிலே, பரீட்சை முடிந்து ஓய்ந்திருந்த ஒரு பிற்பகல், என் வகுப்பு மாணவரும் மாணவியரும் என்னைத் தெரிவத்தாட்சி அலுவலராக நியமித்துவிட்டனர். பி.ரி.எஸ். பாட்டுகளுள் எது சிறந்தது என்பதிலே அவர்களுக்குள்ளே பல நாட் பிணக்கு. வாக்கெடுத்துத் தீர்ப்பதென்று முடிவாயிற்று. வாக்கை எண்ணுபவர் எந்தக் கட்சியையுஞ் சாராதவராக இருக்கவேண்டுமாம். ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டிராத என்னிலும் நடுநிலையாளர் வேறு யார்?

மூன்று பாட்டுகள் களத்தில் நின்றன. ஒன்று 'டைனமைற்'. 2020 இல் வெளியாகி, அமெரிக்காவின் பில்போட் நூறு பாட்டுப் பட்டியலிலே அக்குழுவுக்கு முதன்முறையாக முதலிடம் பெற்றுக் கொடுத்தது. இரண்டாவது 'பட்டர்'. 2021 இல் அதே பட்டியலிலே பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இவ்விரண்டும் ஆங்கிலப் பாட்டுகள். மூன்றாவது 'ஸ்பிரிங் டே', அதாவது வசந்த நாள். 2017 இல் வந்த கொரிய மொழிப் பாட்டு. அமெரிக்கப் பட்டியலிலே அது முதலிடங் கண்டதில்லை. ஆயினும் கொரியாவின் மெலன் பட்டியலிலே ஆண்டுக்கணக்காக இறங்காமல் நின்று பெயர்பெற்றது.

ஒரு பாட்டுக்கு மட்டும் புள்ளடி போடாமல், மூன்றையும் 1, 2, 3 என்று விருப்ப ஒழுங்கிலே எழுதித் தரும்படி சொன்னேன். 31 பேர் வாக்களித்தனர். செல்லுபடியற்ற வாக்கு ஒன்றேனும் இல்லை. நம் நாட்டுத் தேர்தல்களிலே காண்பதற்கரிய ஒழுங்கு.

முதல் விருப்பை மட்டும் எண்ணினேன். 'டைனமைற்' 13, 'பட்டர்' 10, 'ஸ்பிரிங் டே' 8. பின்வாங்கிலிருந்து ஆரவாரம் எழுந்தது. 'டைனமைற்' கட்சியார் வெற்றி ஊர்வலத்துக்கு ஆயத்தமாயினர்.

"சற்றுப் பொறுங்கள். இதே சீட்டுகளை நமது சனாதிபதித் தேர்தல் முறையிலும் எண்ணிப் பார்ப்போம்" என்றேன். அந்த முறையிலே வெல்வதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். 31 இல் 16. அது ஒருவருக்கும் இல்லை. ஆகவே முதலிரண்டு இடத்தவர் நிற்க, மற்றவர் விலக்கப்பட்டு, அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பு எண்ணப்படும். 1982 முதல் நடந்துவரும் அத்தேர்தலிலே, 2024 செப்டெம்பரிற்றான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதல் எண்ணிக்கையில் முன்னின்றவரே அதிலும் வென்றார். எங்கள் வகுப்பிலே அப்படி நடக்கவில்லை. விலக்கப்பட்ட 'ஸ்பிரிங் டே'யின் 8 பேரில் 6 பேர் 'பட்டர்' பாட்டையும், 2 பேர் 'டைனமைற்' பாட்டையும் இரண்டாவதாகக் குறித்திருந்தனர். 'பட்டர்' 16, 'டைனமைற்' 15. ஒரு வாக்கினால் அரசு கவிழ்ந்தது!

ஆரவாரம் வாங்கு மாறியது. நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. பிரான்சிலே போர்டா என்றொரு கணித அறிஞர் இருந்தார், கடற்படை அதிகாரியுமாவார். 1770 இலே அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில் அவர் ஒரு முறையை எடுத்துரைத்தார். ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டுவது அந்த முறை. முதல் விருப்புக்கு 2, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்குப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டோம். 'டைனமைற்' பாட்டை இரண்டாவதாகக் குறித்தவர் 4 பேர். அதன் புள்ளி 30. 'பட்டர்' பாட்டை இரண்டாவதாகக் குறித்தவர் 10 பேர், அதற்கும் 30. 'ஸ்பிரிங் டே'யை இரண்டாவதாகக் குறித்தவரோ 17 பேர், அதற்கு 33. முதல் எண்ணிக்கையிலே கடைசியில் நின்ற பாட்டு இப்போது எல்லாவற்றிற்கும் மேலே!

போர்டாவின் காலத்தவரான கொண்டோர்சே 1785 இல் வெளியிட்ட நூலிலே வேறொரு வழி காட்டினார். இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பார் என்றார். அப்படியும் பார்த்தோம். 'ஸ்பிரிங் டே' 'டைனமைற்' பாட்டை 16 க்கு 15 ஆகவும், 'பட்டர்' பாட்டை 17 க்கு 14 ஆகவும் வென்றது.

சீட்டு ஒன்றும் மாறவில்லை. ஒருவரும் மனம் மாறவில்லை. எண்ணும் விதி மாறியது, அரசன் மாறினான். இதை வெறும் விளையாட்டென்று எண்ணற்க. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றைப் பலருடைய விருப்பப்படி வரிசைப்படுத்தும்போது, நியாயமென்று நாம் வேண்டும் இலக்கணங்கள் யாவும் பொருந்திய விதி ஒன்று அமையவே முடியாது என்று 1951 இலே கெனத் அரோ என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் நிறுவினார். 1972 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தனர். அப்போது முன்வாங்கிலிருந்த ஒருவன், புள்ளி குறைந்தால் இரண்டு நாள் வாய்திறவாதவன், மெல்ல எழுந்து கேட்டான்: "அப்ப எங்கட இசற் புள்ளியும் இப்பிடித்தானோ, சேர்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீட்டாருக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். முன்பு நான்கு பாடங்களின் புள்ளிகளையும் அப்படியே கூட்டி வரிசைப்படுத்தினர். இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல், ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை நியம விலகலால் வகுத்துப் பெறும் இசற் புள்ளியே அளவுகோலாயிற்று. பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 மாவட்டப்படியும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பங்கிடப்படுகின்றன. ஒரே புள்ளி பெற்ற இருவருள், ஒரு மாவட்டத்துப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குள் நுழைய, மற்றை மாவட்டத்துப் பிள்ளை வாசலிலே நிற்பதுண்டு. விதி மாறினால் வரிசை மாறும் என்பதைக் கரும்பலகையிலே காட்டிவிட்டு, உன் வரிசை மட்டும் மாறாதது என்று அவனுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

"ஓம், தம்பி. அதுவும் ஒரு விதிதான்" என்றேன். ஆனால் அவ்வளவிலே விட்டுவிடவில்லை. எந்த விதியிலும் குறையுண்டு என்பதனால் எல்லா வரிசையும் பொய் என்றாகிவிடாது. இடம் சில, வேண்டுவோர் பலர் என்றால் ஏதோவொரு வரிசை வேண்டியதே. அந்த வரிசை மானமுள்ளதாக இருக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எண்ணுகிறவன் கை சுத்தமாக இருக்கவேண்டும். இரண்டாவது தவறினால் என்ன நேரும் என்பதற்கு அவர்கள் நேசிக்கும் கொரியாவிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துச் சொன்னேன்.

அந்நாட்டு எம்நெற் தொலைக்காட்சி 2016 முதல் 'புரொடியூஸ்' என்னும் போட்டித் தொடரை நடத்தியது. பயிற்சி பெறும் இளையோரை மேடையேற்றி, நேயர் வாக்கினாலே தேர்ந்து, புதுக் குழு அமைப்பது அதன் திட்டம். நேயரைத் 'தேசியத் தயாரிப்பாளர்' என்றே அழைத்தனர். 2019 யூலையிலே நான்காவது தொடரின் இறுதி வாக்கு அறிவிக்கப்பட்டது. பதினொரு இளைஞர் தெரிவாயினர். மறுநாளே இரசிகர் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். முதலாமவருக்கு 13,34,011 வாக்கு, இரண்டாமவருக்கு 13,04,033. வித்தியாசம் 29,978. பட்டியலிலே இன்னும் சில இடங்களிலும் அடுத்தடுத்த இருவருக்கிடையே அதே 29,978! இலட்சக்கணக்கானோர் தனித்தனியே அளித்த வாக்கிலே அப்படி ஓர் ஒற்றுமை தற்செயலாக வருவது நம்பத்தக்கதன்று. பாட்டுப் பைத்தியம் என்று பெரியோர் ஏளனஞ் செய்த பிள்ளைகளே அந்தக் கணக்கைப் போட்டனர்.

பொலிஸ் விசாரணை நடந்தது. நவம்பரிலே தலைமைத் தயாரிப்பாளர் கைதானார். நான்கு தொடர்களிலும் வாக்கு மாற்றப்பட்டமை வெளியாயிற்று. 2020 மே மாதம் அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தெரிவான பதினொருவர் குழு, அரங்கேறி ஐந்து மாதம் நிறையுமுன், 2020 சனவரியிலே கலைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது, மோசடியினாலே பாதிக்கப்பட்ட பன்னிருவருடைய பெயர்களை வெளியிட்டது. தமக்கு வாக்குக் கிடைக்கவில்லை, உலகம் தம்மை விரும்பவில்லை என்று நம்பியிருந்த இளையோர் அவர்கள். விரும்பியவர் இருந்தனர், எண்ணியவன் மறைத்தான். காலங்கடந்து வந்த அந்த உண்மை அவர்களுக்கு ஆறுதலாயிற்றோ, புண்ணைக் கிளறியதோ, யார் அறிவார்?

வகுப்பு மௌனமாயிற்று. தோற்ற பாட்டு, தோற்ற பிள்ளை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லின் பின்னே எத்தனை கைகள் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைச் சொன்னவன் நானல்லன். 'ஸ்பிரிங் டே'க்கு முதல் விருப்பு அளித்த எண்மருள் ஒருத்தியிடம், "உன் பாட்டு வென்றதா, தோற்றதா?" என்று கேட்டேன். அந்தப் பாட்டின் பொருள் மிக எளியது. பனிக்காலம் கழியாதா, பிரிந்துபோன தோழமையை மீண்டுங் காணமாட்டோமா என்னும் ஏக்கம். 2014 ஏப்ரில் 16 ஆந் திகதி செவோல் என்னும் கப்பல் கவிழ்ந்து, கல்விச் சுற்றுலாச் சென்ற 250 மாணவர் உட்பட 304 பேர் மாண்ட துயரத்தோடு சேர்த்தே இரசிகர் பலர் அப்பாட்டைக் கேட்கின்றனர். இந்தப் பெண்ணுக்கோ அது வேறொரு பிரிவின் பாட்டு. முதலாம் வகுப்பு முதல் பக்கத்தில் இருந்த சிநேகிதி குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டாள். அங்கே இராத்திரியாக இருக்கையில் இங்கே விடிகின்றது. இருவரும் ஒரே பாட்டைக் கேட்கின்றனர்.

"வெல்லாட்டியும் பரவாயில்லை, சேர். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதலாவது" என்றாள்.

நான் கரும்பலகையில் எழுதிய நான்கு விதிகளிலும் இந்த விடைக்கு இடமில்லை. 31 சீட்டுகளிலே அவளுடையது ஒன்று. அதிலே '1' என்ற இலக்கம். இன்னொரு பிள்ளை, தாளம் நன்றாயிருக்கிறது என்பதற்காக இட்ட '1' உம் அதே இலக்கந்தான். எண்ணும்போது இரண்டும் சமம், சமமாகத்தான் எண்ணவேண்டும். அதுவே வாக்கின் நீதி. ஆனால் எண்ணி முடித்த பின்னர், எல்லாம் எண்ணப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. எத்தனை பேர் விரும்பினர் என்பதை வரிசை சொல்லும். எதற்காக, எவ்வளவு ஆழமாக விரும்பினர் என்பதை அது சொல்லாது. இரசிகர் வாக்கெடுப்புகள் பலவற்றிலே ஒருவரே நாள்தோறும் மீண்டும் மீண்டும் வாக்களிக்கலாம். அங்கே எண்ணிக்கை ஆளைக் கூட அளப்பதில்லை. பொறுமையையும் ஓய்வு நேரத்தையும் அளக்கின்றது. இதை அறிந்துகொண்டு வாக்களிக்கும் பிள்ளைக்கு வாக்கெடுப்பு நல்ல விளையாட்டு. அறியாத பிள்ளைக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும் நோய்.

இதை வாசிக்கும் பெற்றோர் சிலருடைய வீட்டிலும், கைத்தொலைபேசியைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு, கண்காணாத ஏழு இளைஞருக்காக நள்ளிரவில் வாக்களிக்கும் பிள்ளை இருக்கக்கூடும். நேரத்தோடு உறங்கச் சொல்லுங்கள். அது உங்கள் கடமை. ஆயினும் ஏளனஞ் செய்யவேண்டாம். நாளும் பொழுதும் பிறரால் வரிசைப்படுத்தப்படும் பிள்ளை அது. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை, மாவட்டத்தில் எத்தனையாம் நிலை என்ற கேள்விகளின் நடுவிலே வளர்வது. தான் ஒன்றை வரிசைப்படுத்தவும், இது எனக்கு முதலாவது என்று உரத்துச் சொல்லவும் அதற்குக் கிடைத்த இடம் அந்தப் பாட்டுகளே போலும். எந்தப் பாட்டு விருப்பம் என்று ஒருநாள் பக்கத்திலிருந்து கேளுங்கள். ஏன் விருப்பம் என்றுங் கேளுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்கவேண்டுமென்பதில்லை. விடையைக் கேட்கப் பொறுமை இருந்தாற் போதும்.

பெறுபேறு வெளியாகும் நாளிலும் அந்தப் பொறுமை வேண்டும். அன்று பிள்ளையின் கையிலிருக்கும் தாளிலே மாவட்ட நிலை என்றோர் இலக்கம் இருக்கும். அதை வாசிப்பதற்கு ஒரு கணம் போதும். அந்த இலக்கத்திலே எண்ணப்படாதவற்றை அறிந்திருப்பவர் அவ்வீட்டிலுள்ளவரே.